நம்ம வீட்டு வழக்கம்

"காலை ஆட்டாதீங்க" என்று சுகிர்தா அவன் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். "பெஞ்சே ஆடுது. முன்னாடி இருக்கிறவங்க திரும்பிப் பார்க்கிறாங்க." லிவிங்ஸ்டன் காலை நிறுத்தினான். நிறுத்திய பிறகும் தொடைக்குள் எங்கோ அது ஆடிக்கொண்டிருந்தது. மேடை ஏறுவதற்கு முன்னால் வரும் நடுக்கம் இது, பல வருடப் பழக்கம், ஆனால் இங்கே ஏறுவதற்கு மேடை இல்லை, தோளில் கிட்டார் இல்லை, இன்று அவனுக்கு எந்த வேலையும் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளின் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பன், அவ்வளவுதான். பேராயர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நல்ல குரல். மைக்தான் சரியில்லை, மிக்ஸரில் நடுக் குமிழை யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வார்த்தையும் தகர டப்பாவில் விழுந்து எழுந்து வருகிறது, எழுந்து போய் அதைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வந்தால் என்ன, சுகிர்தா கொன்றுவிடுவாள். முதல் வரிசைகளில், பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்துச் சபையின் முழு உறுப்பினராக்கும் இந்தத் திடப்படுத்தலுக்கு வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பையன்களின் வெள்ளைச் சட்டைகள் ஒரு பக்கம், பெண்களின் வெள்ளை முக்காடுகள் ஒரு பக்கம். பின்னாலிருந்து பார்க்க எல்லா முக்காடும் ஒன்றுதான். ஊசி ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதை வைத்துத்தான் மகள் பெரில் எது என்று கண்டுபிடித்தான். காலையில் யாரையும் தொட விடவில்லை, நானே குத்திக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று அவளே குத்திக்கொண்டாள். பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, இவற்றையெல்லாம் நம்புகிறோம் என்று விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். அதில் அந்த இடம் வரும். இயேசுவை தேவன் என்று ஒரு தடவை சொன்னால் போதாதென்று மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லும் இடம். அங்கே லிவிங்ஸ்டன் வாயை மூடிக்கொள்வான். பெரில் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். சபையில் எத்தனையோ குரல், ஒரு குரல் நின்றால் யாருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டான். இன்று அந்த இடத்தில் பெரில் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தான் என்ன செய்வான் என்றும் தெரியவில்லை. பேராயர் "கடைசியாக ஒரு காரியம்" என்றார். பேராயர்கள் கடைசியாக என்று சொன்னால் இன்னும் நேரம் இருக்கிறது.

முதல் தடவை வாய் நின்றது எப்போது என்று அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருக்கிறான், அவ்வளவுதான். ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி ஆண்டு விழா. கரிச்சான் என்று தன் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்த புதிது. மைதானம் முழுக்கப் பையன்கள், சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, புழுதி விளக்கு வெளிச்சத்தில் எழும்பி மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் மின்சாரம் நின்று திரும்பி வந்தது. வந்த நொடியில் அவன் விட்ட இடத்திலிருந்து சரியாக எடுத்தான். அப்போது முன்னாலிருந்து ஒருவன் "தெய்வமே!" என்று கத்தினான். விளையாட்டுத்தான். இந்த ஊரில் டீ சீக்கிரம் கொண்டுவந்து வைப்பவனையும் தெய்வமே என்பார்கள். ஆனால் அந்தக் கத்தல் பிடித்துக்கொண்டது, பின்னாலிருந்து வந்தது, பக்கவாட்டிலிருந்து வந்தது, மைதானமே அதைத் தாளத்தில் சொல்லத் தொடங்கியது, அவன் என்ன செய்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை, சிரிக்கவில்லை, ஒரு கையை மட்டும் மெதுவாக உயர்த்தினான். உயர்த்திய கைக்குக் கீழே சத்தம் அடங்கியது. அந்த அடங்கல் அவன் உடம்புக்குள் இறங்கிய விதம், வயிற்றில் ஏதோ இனிப்பாக உருகின மாதிரி, அதை அதற்கப்புறம் எந்த மேடையிலும் தேடியிருக்கிறான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தூக்கம் போதாமல், இடது காதில் முந்தின நாளின் இரைச்சலோடு கோயிலில் நின்றான். அந்த இடம் வந்தது. பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவன் நாக்கில் நேற்றைய வார்த்தை வந்து நின்றது. ஒரு பாட்டுக்காரனை ஒரு சாயங்காலத்தில் இவ்வளவு சுலபமாகத் தெய்வமாக்க முடியும் என்றால், செத்துப்போன ஒரு நல்ல மனிதனை, அவனுக்காக அழுதவர்கள், அவன் கையால் அப்பம் வாங்கித் தின்றவர்கள், என்னதான் ஆக்கியிருக்க மாட்டார்கள். புத்தகம் எதையும் படித்து வந்த சந்தேகம் இல்லை அது. தன் கையிலிருந்து வந்தது. உயர்த்தின கையிலிருந்து. அதனால்தான் எந்த ஆயர் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அது போகவில்லை.

ஆனால் நம்பிக்கை போகவும் இல்லை, முழுதாக வரவும் இல்லை. அதுதான் கஷ்டம். அந்த வருடம்தான் 'தச்சன்' பாட்டு எழுதினான். சிராய் குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பினாயா, அம்மா பார்த்துவிட்டாளா என்று இயேசுவைக் கேட்கும் பாட்டு. கரிச்சானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். கோயில் பாடகர் குழுத் தலைவர் அவனை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார். "ஜெபத்துல நாம நீர்னு சொல்றோம் தம்பி. நீ, நீ, நீங்குற. அதையாவது விடலாம். ஆண்டவர் விரல் சப்புனாருன்னு எந்த சுவிசேஷத்துல இருக்கு?" பேட்டி எடுக்க வந்தவர்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள். அப்படியென்றால் உங்களுக்கு அவர் ஒரு மனிதர்தானே, ஒரு கலகக்காரர்தானே. அவர்கள் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு ஆமாம் என்பதற்காகக் காத்திருப்பார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான், கொஞ்சம் சிரிப்பான், அந்தச் சிரிப்பை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பாஸ் கிட்டார் வாசிக்கும் பரணிதான் ஒரு தடவை சரியான இடத்தில் கையை வைத்தான். நிகழ்ச்சிக்கு முன்னால் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளுக்குப் பின்னால் போய் லிவிங்ஸ்டன் கண்ணை மூடி நிற்பதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். "மச்சான், ஒரு டவுட்டு. அவரு மனுஷன்தான்னு பாட்டு எழுதுற. அப்புறம் இங்க வந்து அவர்கிட்டயே வேண்டிக்கிற. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன கார்பெண்டர்கிட்ட போய் எவனாவது கம்பி அறுந்துடக் கூடாதுன்னு வேண்டுவானாடா?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க அது உள்ளே கிடந்தது. வேண்டும்போது நம்புகிறான். சொல்லும்போது நம்ப முடியவில்லை. இருட்டில் பெட்டிகளுக்கு நடுவில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, அந்த ஒருவரின் பெயர் இயேசு என்பதிலும் இல்லை, வெளிச்சத்தில் நின்று எல்லோரோடும் சேர்ந்து அவர் தேவன் என்று சொல்ல வேண்டிவந்தால் மட்டும் அந்த மைதானம் எழுந்து வந்து முன்னால் நிற்கிறது. அப்பம் தின்ற கூட்டம் அவரை ராஜாவாக்க வந்தபோது அவர் தனியாக மலைக்குப் போய்விட்டார் என்று சுவிசேஷத்தில் இருக்கிறதே. அதைப் படிக்கும்போதெல்லாம் லிவிங்ஸ்டனுக்குக் காது சுடும். நான் கையை உயர்த்தினேன், அவர் மலைக்குப் போனார். கூட்டம் கூப்பிடும்போது போகாமல் இருக்க எந்த மனிதனால் முடியும். முடிந்தது என்றால் அவர் யார். இந்த இடத்தில் அவன் கிட்டத்தட்ட சொல்லிவிடுவான். கிட்டத்தட்ட. சீடன் தோமாவும் சந்தேகப்பட்டவன்தான், ஆனால் என் தேவனே என்று முதலில் சொன்னதும் அவன்தான், சொல்லிவிட்டு இந்த ஊர் வரைக்கும் வந்தான் என்கிறார்கள். அவனுக்குத் தொட்டுப் பார்க்க ஒரு காயம் காட்டப்பட்டது. எனக்கு ஒரு மைதானத்தைக் காட்டினார்கள்.

பக்கத்து வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அதன் தாய் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பெரில் அந்த வயதில் அழமாட்டாள். பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொள்வாள், நின்றால்தான் அவன் தோள் உயரம் வருவாள், காதை அவன் நெஞ்சின் பக்கவாட்டில் வைத்து ஒட்டிக்கொள்வாள். அவன் பாடினால் அவள் உடம்பும் அதிரும். சுகிர்தா இறக்கிவிடப் பார்ப்பாள், செருப்புக் காலோடு பெஞ்சில் நிற்கிறாள் என்று, அவள் இறங்கமாட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அவளுக்கு ஆராதனை முழுக்கத் தெரியும். அவன் விலா எலும்புகள் வழியாகக் கேட்டது அது. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பரணியிடம் சொல்லியிருக்கிறான், என் பொண்ணு காதால கத்துக்கலடா, எலும்பால கத்துக்கிறா. போன மாதம் ஆயர் தயானந்தன் போன் செய்தபோதுதான் அந்தப் பெருமை என்ன செய்து வைத்திருக்கிறது என்று தெரிந்தது. அவர் அதிர்ந்து பேசாதவர். "லிவிங்ஸ்டன், ஒண்ணும் பிரச்சினை இல்ல, பிள்ளை நல்லாப் படிக்கிறா. வகுப்புல ஒவ்வொருத்தரா விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொன்னேன். பெரில் தடங்கலே இல்லாம சொன்னா. நடுவுல ஒரு இடத்துல நிறுத்துனா. மறந்துட்டான்னு நெனச்சு எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டுறா. கொஞ்ச நேரம் நின்னுட்டு அடுத்த வரியில இருந்து சொல்றா. என்னம்மா விட்டுட்டன்னு கேட்டா, எங்க வீட்ல அங்க சொல்லமாட்டோம் ஐயா, அமைதியா இருப்போம்னு சொல்றா." அவரே தொடர்ந்தார். "எனக்குப் புரிஞ்சுது. நான் உங்ககிட்ட எதுவும் கேட்கப் போறதில்ல. ஆனா பிள்ளைக்கு அது என்னன்னு நீங்களே சொல்லிடுங்க. ஆண்டவர் முன்னாடி நிக்கப் போறா. அவ சொந்தமா நிக்கணும் இல்லையா." சொல்லிவிடுகிறேன் ஐயா என்றான். ஒரு மாதம் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு நிகழ்ச்சி வந்தது, ஒலிப்பதிவு ஒன்று வந்தது, ஒன்றும் வராத நாட்களும் இருந்தன.

சொல்லவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. போன் வந்த அன்றே சாயங்காலம் பெரிலைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு போனான். பெரம்பூர் பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றார்கள். அவளே ஆரம்பித்தாள். "ஆயர் போன் பண்ணாரா?" "ம்." "திட்டினாரா?" "இல்லம்மா. ஏன் அந்த இடத்தை விட்டுட்ட?" "நான் எங்க விட்டேன். அங்க சொல்லக் கூடாதுல்ல?" "யார் சொன்னா அப்படி?" "யாரும் சொல்லல. நம்ம வீட்டு வழக்கம்னு நெனச்சேன்." "அம்மா சொல்றாளே." "அம்மா தூத்துக்குடிப்பா. அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியலைன்னு நெனச்சேன்." அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது மாதிரி. "அந்த ஒரு இடத்துலதான் நீங்க கண்ணை மூடுவீங்க. தலையைக் குனிஞ்சுக்குவீங்க. உங்க நெஞ்சு சத்தமே இல்லாம ஆயிடும். சின்னப் பிள்ளைல பயமா இருக்கும். அப்புறம் அது ரொம்பப் பெரிய இடம் போல, வாயால சொன்னா சின்னதாயிடும் போல, அதான் அப்பா சொல்றதில்லைன்னு நெனச்சேன். முழு ஆராதனையிலும் எனக்கு அதுதாம்பா பிடிக்கும்." பச்சை விழுந்திருந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். லிவிங்ஸ்டன் வண்டியை எடுத்தான். அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லம்மா, அது கும்பிடுதல் இல்லை, என்னால் சொல்ல முடியாமல் நிற்பது அது, கண்ணை மூடுவது யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக. ஒரு வரிதான். அதைவிடக் கடினமான வரிகளை மேடையில் பாடியிருக்கிறான். ஆனால் அவள் சொன்னது இனித்தது. வயிற்றில் ஏதோ உருகியது, அந்த மைதானத்தில் உருகின அதே மாதிரி. தன் நம்பிக்கையின்மையைப் பார்த்து ஒரு பிள்ளை முழங்காலிட்டிருக்கிறாள், முழங்காலிட்டது அவனைப் பார்த்தும்தான், அவளை எழுப்பிவிட மனமில்லை. "சரி" என்றான். வண்டியைப் பாலத்தில் ஏற்றினான்.

நேற்றுக் காலையிலாவது சொல்லியிருக்கலாம். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பெரில் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சூடான கஞ்சி வாசனை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, நாளைக்கு அங்க சொல்லட்டுமா, வேண்டாமா? ஆயர் சொல்லணும்னுதான் சொல்றார். அர்த்தமெல்லாம் சொல்லிக் கொடுத்தார். நீங்க என்ன சொல்றீங்க?" கம்பியை முறுக்கிக்கொண்டே "உன் இஷ்டம்மா" என்றான். அவள் புடவையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்கத் தொடங்கினாள். உன் இஷ்டம். சுதந்திரம் கொடுப்பது மாதிரி இருக்கும் வார்த்தை. அவள் கேட்டது சுதந்திரமா. அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். கதவைத் தட்டியவளுக்கு உள்ளேயிருந்து உன் இஷ்டம் என்று குரல் கொடுத்திருக்கிறான். எத்தனை வருடம் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தான் அந்த மௌனத்தை. மற்றவர்கள் நம்பாமலே சொல்கிறார்கள், நான் நம்பாததைச் சொல்வதில்லை, அந்த அளவுக்காவது நான் சுத்தம் என்று. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு காது இருந்தது நினைவில் இல்லை. அல்லது இருந்ததா. கண்ணை மூடும்போது, தலையைக் குனியும்போது, அது எப்படித் தெரியும் என்று அவனுக்கு ஒருபோதும் தெரியாதா. மேடையில் நிற்பவனுக்கு, எந்தப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் எப்படி விழும் என்று தெரியாதா. காது மறுபடியும் இரைந்தது. சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். கால் ஆடவில்லையே என்று பார்த்துக்கொண்டான். இல்லை, பேராயர் பிரசங்கத்தை முடித்துவிட்டிருந்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன, புடவைகள் சரசரத்தன, ஆயர் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார், சபை அதைப் பிடித்துக்கொண்டது. சீராக நடக்கும் ஒரு பெரிய கூட்டத்தின் காலடி மாதிரி அந்தச் சத்தம் எப்போதும் இருக்கும். வானத்தையும் பூமியையும் என்ற வரியைக் கடந்தது. லிவிங்ஸ்டன் அதோடு நடந்தான். சொன்னால் அவளுக்குக் கேட்குமா. கேட்கும், அவன் குரலை எந்தக் கூட்டத்திலும் அவள் கண்டுபிடிப்பாள். கேட்டால் அவளும் சொல்வாள். சொல்லிவிட்டால் அவள் எல்லோரையும் போல ஒரு முழு விசுவாசப் பிரமாணத்தோடு பேராயர் முன்னால் போவாள், அவன் வைத்த ஓட்டை அடைபடும், இந்த ஒரு தடவை பொய்யாகச் சொன்னால்தான் என்ன, பிள்ளைக்காக, பிள்ளைக்காகத் திருடுபவர்கள்கூட இருக்கிறார்கள். இடம் நெருங்கியது. அவன் அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்தான், உச்ச ஸ்தாயிக்குப் போவதற்கு முன்னால் எடுப்பதைப் போல, எடுத்துச் சொன்னான். மூன்றையும் சொன்னான். குரல் பிசிறில்லாமல் வந்தது. சுற்றியிருந்த குரல்களுக்கு மேலே ஏறி, முன்வரிசை வரைக்கும் போகிற மாதிரி, சரியான அழுத்தத்தோடு வந்தது. சுகிர்தா ஒரு வார்த்தையில் தடுக்கி நின்று, பிறகு சேர்ந்துகொண்டாள். எவ்வளவு சுலபமாக இருந்தது. இத்தனை வருடம் மலை என்று நினைத்தது, கால் வைத்ததும் ஒன்றுமே இல்லை, மேடைதான், ஏறத் தெரிந்தவனுக்கு என்ன கஷ்டம். அந்தச் சுலபம்தான் அவனைப் பயமுறுத்தியது. அவன் முன்னால் பார்த்தான். வெள்ளை முக்காடுகள் நேராக நின்றன. ஊசி சரிந்த முக்காடு மட்டும் குனிந்திருந்தது. நன்றாக, கழுத்து வளைந்து, தோள்கள் அசையாமல். அவன் சொல்லி முடித்த பிறகும் அது உடனே நிமிரவில்லை. கூட்டம் அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் போய்விட்டது. பிறகுதான் நிமிர்ந்தது.

பேராயர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வொரு தலையிலும் கை வைத்தார். பெரில் என்ற பெயர் அந்த மைக்கில் தகரமாக ஒலித்தது. பெரிய கை அவள் முக்காட்டின் மேல் இறங்கி இருந்தது. சுகிர்தா அழுதாள், அழுதுகொண்டே "ஊசி விழுந்துடப் போவுது" என்றாள். லிவிங்ஸ்டன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை என்றால் இப்படியும் இருக்கலாம், உயராமல் இறங்கி, ஒரு தலையின் மேல் சும்மா இருக்கலாம். நீ சொல்லவில்லையே, ஏன் சொல்லவில்லை, நான் சொன்னது கேட்டதா. கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள். இவ்வளவு நாள் காத்த வழக்கத்தை அப்பா ஏன் உடைத்தார் என்றா. ஆயர் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு அழைத்தார். திடப்படுத்தப்பட்ட பிள்ளைகள் முதலில், பெற்றோரோடு வரலாம் என்றார். சுகிர்தா முன்னால் போனாள். அவன் அவளுக்குப் பின்னால், முன்வரிசையிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட பெரில் அவனுக்குப் பின்னால். நடுப் பாதையில் வரிசை நின்று நின்று நகர்ந்தது. முதுகுக்குப் பின்னால் புதுப் புடவையின் கஞ்சி வாசனை. "அப்பா" என்று கிசுகிசுத்தாள். "உங்க குரல் கேட்டுச்சு." "ம்." "ஏம்பா சொன்னீங்க?" வரிசை நகர்ந்தது, மறுபடி நின்றது. பாடகர் குழு ஏதோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பினான். கண் மை லேசாகக் கலைந்திருந்தது. நெற்றியில் பேராயரின் கை அழுத்தியதில் முக்காட்டின் ஓரம் ஒரு கோடு பதித்திருந்தது. "பெரில், நான் அங்க கும்பிட்டதில்லம்மா. எனக்கு அது சொல்ல வராது. நம்ப முடியாம நிப்பேன். இத்தனை வருஷமும் அதான். வழக்கமெல்லாம் இல்ல. நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்." எந்த ஸ்தாயியிலும் இல்லாத குரல் அது. அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் முகத்தில் ஏதாவது உடையும் என்று பார்த்தான். அவள் புருவத்தைச் சுருக்கினாள், கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பது மாதிரி. "இன்னைக்கும் நம்பாமத்தான் சொன்னீங்களா?" "தெரியல. ஆமா." "ஓ" என்றாள். பின்னால் நின்ற அம்மாள் "நகருங்க" என்றாள். நகர்ந்தார்கள். இரண்டு அடி போன பிறகு பெரில் மறுபடியும் சொன்னாள், கோபம் இல்லாமல், ஒரு தகவலைத் திருத்துவது மாதிரி. "ஆனா நான் அங்க ஜெபம்தாம்பா பண்ணினேன். எப்பவும்."

கம்பித் தடுப்புக்கு முன்னால் மெத்தை போட்டிருந்தார்கள். சுகிர்தா முழங்காலிட்டாள், அவள் பக்கத்தில் அவன், அவனுக்கு அந்தப் பக்கம் பெரில். அப்பம் சுகிர்தா பக்கமிருந்த இடது கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆயர் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து ஏதோ சொல்லி வைத்துக்கொண்டே வந்தார். அவருடைய அங்கியின் விளிம்பு தரையில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. லிவிங்ஸ்டன் அந்த நெஞ்சைத் தேடினான், சத்தமில்லாமல் ஆகிவிடும் என்று அவள் சொன்ன நெஞ்சை. ஒரு வெற்று அறைக்கு வெளியே ஒரு பிள்ளை இத்தனை வருடம் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், அவளுக்குப் பதில் வந்திருக்கிறது. தன்னிடமிருந்து அல்ல. அப்படியென்றால் யாரிடமிருந்து. இதே கேள்வியைத் தான் வேறு வழியில் சுற்றிச் சுற்றி வந்து, கிட்டத்தட்ட என்ற இடத்தில் நின்று, நின்றதையே ஒரு பாட்டாக்கி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறான். பக்கத்தில் பெரில் கையை எப்படி வைப்பது என்று தெரியாமல் ஓரக்கண்ணால் அவனைப் பார்ப்பது தெரிந்தது. அவன் எழுந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், அடுத்த குடும்பம் வருவதற்குள், அவளுக்கு மறுபக்கம் முழங்காலிட்டான். இப்போது அப்பம் அவனுக்கு முன்னால் அவளிடம்தான் வரும். பெரில் ஒரு நொடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் வலது உள்ளங்கையை விரித்து, அதைத் தாங்குவதற்கு இடது கையை அடியில் வைத்துக்கொண்டாள். லிவிங்ஸ்டன் அவள் கைகளைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் கைகளையும் அதேபோல் வைத்துக்கொண்டான்.